ஐந்தாம் திகதி பங்குனியா, மூன்றாம் திகதி வைகாசியா?

கணினி: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திகதியும் நேரமும் பற்றியவை. கணக்கு முடிக்கும் காலம் என்பதால் இருக்கலாம். கரடிப்போக்கில் இருக்கும் என் வகுப்பறைக்கும் இதே வருத்தத்தோடு மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கணினிப் பெட்டியையே சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். ஆகவே மற்றக் கேள்விகள் ஒரு மாதம் பொறுக்கட்டும். இந்த இதழ் முழுக்கத் திகதிதான்.

கேள்வி (கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர், அக்கராயன்): ரீச்சர், நெல் கொள்வனவுக் கணக்கை எங்கள் மென்பொருளில் இருந்து சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கி எக்செலில் திறக்கிறேன். பங்குனி (மார்ச்) மாத அறிக்கை மட்டும்தான் எடுத்தேன். மாதவாரியாகப் பிரித்தால் தை முதல் மார்கழி வரை எல்லா மாதத்திலும் நெல் வாங்கியதாகக் காட்டுகிறது. 13ஆம் திகதியில் இருந்து உள்ளவை கணக்கிலேயே வரவில்லை. ஃபோர்மற்றை மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை.

பதில்: தம்பி, நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, குறை நினைக்க வேண்டாம். தை மூன்று, மாசி மூன்று, பங்குனி மூன்று, சித்திரை மூன்று என்று ஒவ்வொரு மாதமும் மூன்றாம் திகதி மட்டும் உங்கள் சங்கத்தில் நெல் நிறுத்திருக்கிறார்கள். மார்கழி மூன்றிலும் மூடை வந்திருக்கிறது. அந்த நேரம் வயலில் வெள்ளமல்லவா நிற்கும்!

நடந்தது இதுதான். உங்கள் மென்பொருள் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறது. உங்கள் கணினி அமெரிக்க முறையில் மாதம், நாள், ஆண்டு என்று வாசிக்கிறது. 05/03/2025 அதற்கு வைகாசி (மே) மூன்றாம் திகதி. 12/03/2025 மார்கழி மூன்று. 13/03/2025 வந்ததும் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அதைத் திகதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. நிரலை அகலமாக்கிப் பாருங்கள். 1 முதல் 12 வரை உள்ளவை கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், 13க்குப் பிறகு வந்தவை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். வலம் என்றால் எக்செல் அதை எண்ணாக எடுத்துவிட்டது. இடம் என்றால் எழுத்து.

எக்செலுக்குத் திகதி என்பது ஒரு எண் மட்டும்தான். 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து நாளை எண்ணிக்கொண்டு போகிறது. அந்தக் கணக்கில் 2025 மார்ச் 5 என்பது 45721. நேரம் அதற்குப் பின்னால் வரும் தசமம்: காலை ஆறு மணி 0.25, நண்பகல் 0.5. நாம் திரையில் பார்ப்பது அந்த எண்ணுக்குப் போட்ட உடுப்பு. ஃபோர்மற் மாற்றுவது உடுப்பை மாற்றுவது. எழுத்தாகக் கிடக்கும் 13/03/2025க்குள் எண்ணே இல்லை, அதற்கு என்ன உடுப்புப் போட்டாலும் அசையாது. 05/03க்குள் எண் இருக்கிறது. ஆனால் அது 45780, அதாவது வைகாசி மூன்றின் எண். அதற்கு நாள், மாதம், ஆண்டு என்ற உடுப்பைப் போட்டால் 03/05/2025 என்று அழகாக நிற்கும், பிழை பிழையாகவே இருக்கும்.

இடப்பக்கம் ஒட்டி நிற்பவற்றுக்கு நான் பயப்படுவதில்லை, அவை தாங்களே கத்திக் காட்டிக்கொடுக்கும். சத்தமில்லாமல் மாறிப்போனவற்றுக்குத்தான் பயம். நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் கடன் தவணைப் பட்டியலை இப்படித்தான் திறந்து, பார்க்காமல் சேமித்துவிட்டேன். தவணை ஏப்ரல் 30. ஒரு ஐயா 05/04 அன்று கட்டியிருந்தார். பட்டியலில் அது மே 4 ஆகிவிட்டது, அவருக்குத் தண்டப்பணக் கடிதம் போய்விட்டது. முரசுமோட்டையில் இருந்து வந்து, ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த பற்றுச்சீட்டை எடுத்து என் மேசையில் விரித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து சி.எஸ்.வி. கோப்பை நான் இரட்டைச் சொடுக்கில் திறந்ததே இல்லை.

சரி, எப்படித் திறப்பது? முதலில் வெறும் எக்செல் பக்கம் ஒன்றைத் திறவுங்கள். டேற்றா என்ற பட்டியில் ‘ஃபுறம் ரெக்ஸ்ட்/சி.எஸ்.வி.’ இருக்கும். கோப்பைத் தெரிவு செய்தால் முன்னோட்டம் வரும். அதில் உடனே ‘லோட்’ கொடுக்காமல் ‘ட்ரான்ஸ்ஃபோர்ம் டேற்றா’ கொடுங்கள். திகதி நிரலின் தலைப்பில் வலது சொடுக்கு, ‘சேஞ்ச் ரைப்’, அதன் அடியில் ‘யூசிங் லொகேல்’. வகைக்குத் திகதி, நாட்டுக்கு இங்கிலிஷ் (யுனைற்றெட் கிங்டம்) அல்லது இங்கிலிஷ் (ஸ்ரீலங்கா). பழைய மாற்றத்தை நீக்கவா, புதிதாகச் சேர்க்கவா என்று ஒரு கேள்வி வந்தால் ‘றிப்பிளேஸ் கறன்ற்’ என்பதை அழுத்துங்கள். சேர்த்தால், எக்செல் முதலே பிழையாக மாற்றியதன் மேல்தான் புதிய மாற்றம் போய் உட்காரும். அதே முன்னோட்டத்தில் விவசாயிகளின் பெயர்கள் கோணல்மாணல் எழுத்துகளாகத் தெரிந்தால், ‘ஃபைல் ஒரிஜின்’ என்ற இடத்தில் 65001 என்று தொடங்கும் யூனிகோட்டைத் தெரிவு செய்யுங்கள், தமிழ் தமிழாக வரும்.

உங்களிடம் இருப்பது பழைய எக்செல் என்றால் வேறு வழி. கோப்பின் பெயர் முடிவில் உள்ள சி.எஸ்.வி.யை ரி.எக்ஸ்.ரி. என்று மாற்றிவிட்டு எக்செலுக்குள் இருந்து திறவுங்கள். மூன்று படிகளில் கேள்வி கேட்கும். மூன்றாவது படியில் திகதி நிரலைச் சொடுக்கி, ‘டேற்’ என்பதற்குப் பக்கத்தில் டி.எம்.வை. (நாள், மாதம், ஆண்டு) என்ற வரிசையைக் கொடுத்தால் போதும்.

நிரந்தர வழி, விண்டோஸின் ‘றீஜன்’ அமைப்பை அமெரிக்காவில் இருந்து இலங்கைக்கு மாற்றுவது. இங்கே வாங்கும் கணினிகளில் பல அமெரிக்க அமைப்போடுதான் கைக்கு வருகின்றன, யாரும் கவனிப்பதில்லை. மாற்றுங்கள், நல்லது. ஆனால் அது உங்கள் மேசைக் கணினிக்கு மட்டும்தான். அதே கோப்பைப் பக்கத்து அறையில் திறந்தால் பழைய கதை திரும்பவும் தொடங்கும்.

ஏற்கெனவே சேமித்துவிட்ட கோப்பு, மூலக் கோப்பும் இல்லை என்றால்? பக்கத்தில் ஒரு வெற்று நிரல் எடுங்கள். ‘இஸ்நம்பர்’ சார்பால் (ஃபங்ஷனால்) கலத்தில் இருப்பது எண்ணா என்று கேளுங்கள். எண் என்றால் அது தலைகீழாகிய திகதி. ‘டேற்’ சார்புக்குள் ஆண்டைக் கொடுத்து, மாதத்தின் இடத்தில் நாளையும் நாளின் இடத்தில் மாதத்தையும் கொடுத்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். எழுத்து என்றால், வலப்பக்கம் நான்கு இலக்கம் ஆண்டு, நான்காவது எழுத்தில் இருந்து இரண்டு இலக்கம் மாதம், இடப்பக்கம் இரண்டு இலக்கம் நாள் என்று பிய்த்து அதே ‘டேற்’ சார்புக்குள் போடுங்கள். இரண்டையும் ‘இஃப்’ ஒன்றுக்குள் அடக்கிவிடலாம்.

முடிந்ததும் புதிய நிரலின் ஆகக் குறைந்த திகதியையும் ஆகக் கூடியதையும் பாருங்கள். பங்குனிக்குள் இருந்தால் மட்டும் தலைவரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி (பால் சேகரிப்பு நிலையப் பொறுப்பாளர், முழங்காவில்): கைபேசிச் செயலியில் ஒவ்வொருவரின் லீற்றர் கணக்கையும் பதிகிறோம். மாத முடிவில் அறிக்கையை எக்செலில் எடுத்தால், விடியப்புறம் பால் தருபவர்களின் கணக்கு முதல்நாளில் விழுகிறது. 2025-03-04 என்று திகதி, பிறகு ஆங்கில ரி எழுத்து, பிறகு 23:40:00, கடைசியில் இசட். நடுச்சாமத்தில் யார் பால் கறக்கிறார்கள் என்று கணக்காளர் கேட்கிறார்.

பதில்: கணக்காளர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கடைசி இசட்டில்தான் விடை இருக்கிறது. உலகப் பொது நேரம், யூ.ரி.சி. என்று அதற்குப் பொருள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். 23:40ஓடு ஐந்தரையைக் கூட்டினால் அடுத்த நாள் காலை 5:10. உங்கள் பால்காரர் ஐந்தாம் திகதி விடிய 5:10க்குக் கானைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், செயலி அதை நாலாம் திகதி என்று எழுதியிருக்கிறது. காலை ஐந்தரைக்கு முன் வரும் எல்லாரும் இப்படி ஒரு நாள் பின்னால் போவார்கள், அதற்குப் பிறகு வருபவர்களின் திகதி சரியாக இருக்கும். ஆகவே பிழை பாதிப் பேருக்கு மட்டும் தெரியும். முதலாம் திகதி விடியற்காலைப் பால் போன மாதத்துக்கே போய்விடும், காசும் அங்கேதான் போகும். அதைத்தான் முதலில் பாருங்கள்.

நடுவில் ரி இருப்பதால் எக்செல் இதைத் திகதியாக எடுக்காமல் எழுத்தாகவே விட்டுவைத்திருக்கும். அது நல்லதுக்குத்தான். இடப்பக்கம் முதல் பத்து எழுத்தை எடுத்து ‘டேற்வல்யூ’வுக்குள் போடுங்கள். பன்னிரண்டாவது எழுத்தில் இருந்து எட்டு எழுத்தை எடுத்து ‘ரைம்வல்யூ’வுக்குள் போடுங்கள். இரண்டையும் கூட்டி, ‘ரைம்’ சார்பில் 5, 30, 0 கொடுத்து அதையும் கூட்டுங்கள். வரும் எண்ணுக்குத் திகதி உடுப்பைப் போட்டால் மார்ச் 5, 5:10. நாள்வாரிக் கூட்டலுக்கு ‘இன்ற்’ சார்பால் தசமத்தை வெட்டிவிட்டால் தனித் திகதி கிடைக்கும்.

சில செயலிகள் இதையும் தராமல் 1741131600 என்று பத்து இலக்க எண்ணைத் தரும். பயப்பட வேண்டாம், அதுவும் இதே விடியற்காலைதான். 1970 ஜனவரி 1 தொடக்கம் கடந்த விநாடிகள். 86400ஆல் வகுத்து, 25569ஐக் கூட்டி, பிறகு ஐந்தரை மணியைக் கூட்டுங்கள். பதின்மூன்று இலக்கம் இருந்தால் அது மில்லி விநாடி, முதலில் ஆயிரத்தால் வகுக்க வேண்டும்.

கூட்டுவதற்கு முன் ஒன்று. கடைசியில் இசட்டுக்குப் பதிலாக +05:30 என்று இருந்தால் அது ஏற்கெனவே நம் நேரம். இன்னொரு தடவை கூட்டினால் காலைப் பால் மத்தியானப் பாலாகிவிடும். உங்களுக்கு நிச்சயமாக நேரம் தெரிந்த ஒரு பதிவை, உங்கள் வீட்டு மாட்டுப் பாலையே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசம் வன்னிக்குப் புதிதில்லை. 1996 மே 25இல் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது, ஒக்ரோபர் 26இல் அரை மணி பின்னால் எடுத்தது. 2006 ஏப்ரல் 15 வரை நாட்டில் ஆறு மணிக் கணக்கு. வன்னியில் புலிகளின் பகுதியில் அந்த மாற்றம் வரவில்லை, நாங்கள் பழைய ஐந்தரையிலேயே இருந்தோம். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாப் பக்கம் போக ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டுகிறவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வவுனியாவில் எனக்கு ஒரு கணினிச் சோதனை, காலை ஒன்பதுக்கு. சோதனைச் சாவடி எல்லாம் முடித்து எட்டே முக்காலுக்கு மண்டபத்தில் நிற்கிறேன் என்ற பெருமையோடு நுழைந்தால், சுவரில் ஒன்பதேகால். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, “வன்னி நேரமோ பிள்ளை?” என்று கேட்டு உள்ளே விட்டார். நல்ல மனிதர்.

பழங்கதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பத்து ஆண்டுகளின் வன்னிக் கொப்பிகளை இப்போது கணினியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஏசியா/கொழும்பு’ என்ற நேர வலயத்தைக் கொடுத்து யூ.ரி.சி.க்கு மாற்றினால், மென்பொருள் அந்த ஆண்டுகளுக்கு அரசாங்கக் கணக்கில் ஆறு மணியைத்தான் கழிக்கும். 1996 ஒக்ரோபருக்குப் பிந்திய வன்னிப் பதிவு ஒவ்வொன்றும் அரை மணி பிழையாகும். எக்செல் கலத்துக்குள் வலயம் என்று எதுவும் இல்லை. ‘எந்த நேரம்’ என்று பக்கத்தில் தனி நிரல் ஒன்று வைத்து நீங்களேதான் எழுத வேண்டும்.

கேள்வி (அரிசி ஆலை முகாமையாளர், பரந்தன்): கைரேகை மெஷினில் இருந்து வரவுப் பதிவை எக்செலுக்கு எடுத்தேன். ஒருவரின் மாத வேலை நேரம் 176 மணி வரவேண்டும், 8:00 என்று காட்டுகிறது. இரவுக் காவலாளிக்கு முழுக்க வேலிக்கம்பி போல ##### வருகிறது.

பதில்: ஐயா, 176 மணி என்பது ஏழு நாளும் எட்டு மணியும். எக்செல் நாட்களைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. கஸ்ரம் ஃபோர்மற்றில் எச் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டு, முக்காற்புள்ளி, இரண்டு எம் என்று கொடுங்கள். 176:00 வந்துவிடும்.

காவலாளி மாலை ஆறுக்கு வந்து காலை ஆறுக்குப் போகிறார். போன நேரத்தில் இருந்து வந்த நேரத்தைக் கழித்தால் சைபருக்குக் கீழே போகும், மறை எண்ணுக்கு எக்செலிடம் நேர உடுப்பு இல்லை. கழித்ததை ‘மொட்’ சார்புக்குள் போட்டு 1ஆல் வகுத்த மிச்சத்தை எடுங்கள், 12 மணி வரும்.

சம்பளம் கணக்கிடும்போது நேரத்தை முதலில் 24ஆல் பெருக்கிவிட்டுத்தான் மணிக்கூலியால் பெருக்க வேண்டும். மணிக்கு 200 ரூபாய் என்றால் 35,200 கொடுக்க வேண்டியவருக்கு, 24ஐ மறந்தால் 1,466 ரூபாய் 67 சதம்தான் வரும். அதைக் கையில் வாங்கியவரின் முகத்தைப் பார்க்க நீங்கள் ஆசைப்பட மாட்டீர்கள்.

கேள்வி (முதியோர் சங்கச் செயலாளர், ஒட்டுசுட்டான்): அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கங்கள் மட்டும்தான் பட்டியலாகக் கிடைத்தன. அதிலிருந்து பிறந்த திகதியை எக்செலில் எடுத்தேன். சிலருக்குச் சரி, பலருக்கு ஒரு நாள் பிந்தி வருகிறது. ஒரு அம்மம்மா 2028இல் பிறந்திருக்கிறார்.

பதில்: அம்மம்மாவுக்கு நீண்ட ஆயுள்தான்! அவரை முதலில் முடித்துவிடுவோம். பழைய அட்டையில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும். திகதியில் ஆண்டை 28 என்று மட்டும் எழுதினால் எக்செல் 2028 என்று எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு முன்னால் 19ஐ நீங்களே ஒட்டிவிடுங்கள், அதனிடம் யோசிக்க விடாதீர்கள்.

ஒரு நாள் பிந்துவதுதான் சுவையான சங்கதி. அட்டை இலக்கத்தில் ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பழைய ஒன்பது இலக்க அட்டைக்கும் 2016இல் இருந்து வரும் பன்னிரண்டு இலக்க அட்டைக்கும் இந்த முறை ஒன்றுதான், புதியதில் ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள். லீப் ஆண்டா இல்லையா என்று அட்டை பார்ப்பதில்லை. 1945 மார்ச் 5இல் பிறந்தவருக்கு 31, 29, 5, ஆக 065. எக்செலிடம் 1945இன் 65ஆவது நாள் எது என்று கேட்டால், அது உண்மையான நாட்காட்டியைப் பார்த்து மார்ச் 6 என்று சொல்லும். தையிலும் மாசியிலும் பிறந்தவர்களுக்குச் சரியாக வருவதும், பங்குனியில் இருந்து பிழையாவதும் இதனால்தான். லீப் ஆண்டில் பிறந்தவர்களுக்கு எந்த மாதமும் பிழை வராது.

மாற்று வழி எளிது. நாள் எண் 500க்கு மேல் இருந்தால் 500ஐக் கழித்துவிட்டு, ‘டேற்’ சார்பில் ஆண்டுக்கு 2000, மாதத்துக்கு 1, நாளுக்கு அந்த எண் என்று கொடுங்கள். 2000 லீப் ஆண்டு, ஆகவே அட்டையோடு ஒத்துப்போகும். அதில் கிடைக்கும் மாதத்தையும் நாளையும் எடுத்து உண்மையான ஆண்டோடு சேர்த்துவிடுங்கள்.

எக்செலைக் குறைவில்லாதது என்று நினைக்கவும் வேண்டாம். அதற்கும் இப்படி ஒரு பொய் நாள் உண்டு: 1900 பெப்ரவரி 29. 1900 லீப் ஆண்டே இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழை அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று மைக்ரோசொஃப்ற் அப்படியே வைத்துக்கொண்டது. 60 என்று தட்டி அந்தக் கலத்தைத் திகதியாக மாற்றிப் பாருங்கள், இல்லாத நாள் எழும்பி வரும்.

பன்னிரண்டு இலக்க அட்டை எண் திரையில் 1.95 என்று தொடங்கி நடுவில் ஆங்கில எழுத்தோடு சுருங்கித் தெரிந்தால் எண் அழியவில்லை, நம்பர் ஃபோர்மற்றில் தசமத்தைச் சைபராக்கினால் முழுதாக வரும். தொலைபேசி இலக்கத்தின் முன் சைபர் அப்படியில்லை, திறக்கும்போதே போய்விடும். இரண்டு நிரல்களையும் ‘ரெக்ஸ்ட்’ என்று சொல்லித் திறப்பது நல்லது.

கேள்வி (கோயில் பரிபாலன சபைப் பொருளாளர், நெடுங்கேணி): கனடாவில் இருக்கும் ஒரு தம்பி தன் பழைய மக் கணினியில் வைத்திருந்த நன்கொடைக் கணக்கை அனுப்பினார். என் கோப்பில் ஒட்டியதும் 2025 ஏப்ரல் 14 உபயம் 2021 ஏப்ரல் 13 ஆகிவிட்டது.

பதில்: அவருடைய கோப்பு 1904இல் இருந்து நாளை எண்ணுகிறது, உங்களுடையது 1900இல் இருந்து. பழைய மக் எக்செலின் வழக்கம் அது. வித்தியாசம் 1462 நாள், நான்கு ஆண்டும் ஒரு நாளும். ஒரு வெற்றுக் கலத்தில் 1462 என்று எழுதிப் பிரதி எடுத்து, அவருடைய திகதிகளை மட்டும் தெரிவு செய்து, ‘பேஸ்ற் ஸ்பெஷல்’ போய் ‘வல்யூஸ்’ஐயும் ‘அட்’ஐயும் கொடுங்கள். ஒரு தடவைதான், இரண்டு தடவை அழுத்தினால் உபயம் 2029க்குப் போய்விடும்.

கேள்வி (உயர்தர மாணவி, மல்லாவி): செயற்றிட்டத்துக்காகக் குளத்து மழைப் பதிவை எக்செலில் தட்டினேன். ‘5 மாசி 2019’ என்று இருப்பதை வரிசைப்படுத்தினால் எழுத்து வரிசையில்தான் வருகிறது.

பதில்: பிள்ளை, எக்செலுக்கு நம்முடைய மாசி தெரியாது. ஓரத்தில் தை 1, மாசி 2, பங்குனி 3 என்று மார்கழி 12 வரை சின்ன அட்டவணை போட்டு, ‘வீலுக்அப்’ மூலம் மாத எண்ணை எடுத்து ‘டேற்’ சார்புக்குக் கொடுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் அட்டவணையையும் பாமினியிலேயே தட்ட வேண்டும், யூனிகோட்டோடு அது சேராது.

இரண்டு சங்கதி கவனியுங்கள். அலுவலகக் கொப்பியில் மாசி என்றால் பெப்ரவரி. கோயில் கொப்பியோ பழைய கமக்காரரின் கொப்பியோ என்றால் பஞ்சாங்க மாசியாக இருக்கலாம், அதன் முதலாம் திகதி பெப்ரவரி நடுவில்தான் வரும். கொப்பிக்காரரிடம் ஒருக்கா கேளுங்கள். மற்றது, இங்கே மழையை அளப்பது காலை எட்டரைக்கு. ஐந்தாம் திகதி எழுதிய மில்லிமீற்றரில் பெரும்பகுதி நாலாம் திகதி பெய்ததாக இருக்கும். குளத்து நீர்மட்டத்தோடு ஒப்பிடும்போது அது தெரியாவிட்டால் மழைக்கு முன்னே குளம் நிரம்பியது போல வரைபு வரும்.

கேள்வி (மென்பொருள் எழுதும் இளைஞர், வவுனியா): சிறு கடைகளுக்கு விற்பனைக் கணக்கு மென்பொருள் செய்கிறேன். அறிக்கையை வெளியே எடுக்கும்போது திகதியை எப்படிக் கொடுத்தால் உங்களிடம் ஏச்சு வாங்காமல் தப்பலாம்?

பதில்: இப்படிக் கேட்கிறவருக்கு ஏச்சு இல்லை. 2025-03-05 என்று கொடுங்கள்: ஆண்டு நான்கு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு, நடுவில் சிறு கோடு. 1988இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 தரம் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்க அமைப்பில் திறந்தாலும் இலங்கை அமைப்பில் திறந்தாலும் எக்செல் இதை மார்ச் 5 என்றே வாசிக்கும். எழுத்தாகவே கிடந்தாலும் வரிசைப்படுத்தினால் ஒழுங்காக நிற்கும்.

நேரத்துக்குத் தனி நிரல், 24 மணிக் கணக்கு, நடுவில் முக்காற்புள்ளி: 17:10. நாம் கையால் எழுதுவதுபோல் 5.10 என்று புள்ளி வைத்தால் எக்செல் அதை ஐந்து தசம் ஒன்று என்று எடுத்துவிடும். மு.ப., பி.ப. என்று போட்டால் வெறும் எழுத்தாகிவிடும். நிரலின் தலைப்பில் ‘இலங்கை நேரம்’ என்று எழுதுங்கள். முழங்காவில் பொறுப்பாளரின் செயலியில் அந்த இரண்டு சொல் இருந்திருந்தால் அவர் எனக்கு எழுதவே தேவையில்லை.

கடைக்காரருக்கு இன்னொரு விளக்கமும் கொடுங்கள். எக்செலில் இருந்து திரும்ப சி.எஸ்.வி.யாகச் சேமித்தால், கலத்துக்குள் இருக்கும் எண் போகாது, திரையில் தெரியும் உடுப்புத்தான் போகும். ‘5-மார்ச்’ என்று மட்டும் தெரிந்தால் ஆண்டு அங்கேயே தொலைந்துவிடும், அடுத்த முறை எந்த வருடம் திறக்கிறீர்களோ அந்த வருடத்தையே எக்செல் தானாகப் போட்டுக்கொள்ளும். போன வருடக் கடன் இந்த வருடக் கடனாகிவிடும்.

அறிக்கைக் கோப்பின் பெயரிலும் அதே 2025-03-05 வரிசையை வையுங்கள், கோப்புறையில் நாள் வரிசையாக அடுக்கி நிற்கும். பெயரில் 05/03 என்று சாய்கோடு போட யாராவது முயன்றால் விண்டோஸே விடாது.